கடை திறந்திருக்கக் காரணமானவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். முடக்குவாதம் வந்த பிறகும் கடை நடக்கிறதென்றால் அது உங்களால்தான். நேரில் நன்றி சொன்னால் "அட, இதுக்குப் போயா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் வருகிற நோய் இது என்று பொறுமையாக விளக்கியவர். இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள்தான், தப்பித்தவறியும் தினம் போடக் கூடாது என்று சொல்லி, மாத்திரை அட்டையில் 'ஞாயிறு' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒருமுறை, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஈ.எஸ்.ஆர். குறைந்து, விரல் வீக்கமும் வடிந்திருந்தது. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, போய் வாம்மா என்று அனுப்பியிருக்கலாம். வெளியே அவ்வளவு கூட்டம். அவரோ பேனாவை மூடிவைத்துவிட்டு, "ராத்திரி தூக்கம் வருதா? எதிலயாவது மனசு ஒட்டுதா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். இந்த நோய் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு மனச்சோர்வு வரும், வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் வலி கூடும், அதற்கும் வைத்தியம் உண்டு என்றார். மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதியதோடு விடாமல், என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். 'சோம்பேறித்தனம்' என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்றோடு போயிற்று.

அப்புறம் என் நாத்தனார். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்கு விரல் மடங்காது. ஜாக்கெட் கொக்கியை மாட்டி, தலை பின்னிவிட்டு, கையோடு கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் கூச்சப்பட இடமே வைக்க மாட்டார். திருகுகிற குழாயைக் கழற்றிவிட்டு, முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய் போட வைத்தவரும் அவர்தான்.

கடையில் என்னோடு இருக்கும் பெண்ணே, "அளவு நீங்க சொல்லுங்கக்கா, வெட்டுறதை நான் பாத்துக்கறேன்" என்றாயே, வீட்டில் முடங்காமல் நான் தினம் கடைக்கு வருவது அந்தப் பேச்சால்தான். தீபாவளித் துணி தள்ளிப்போனபோது "பொங்கலுக்குக் குடுங்க" என்று சிரித்த அம்மாக்களுக்கும், நான் இறங்கி நிற்கும்வரை விசில் ஊதாத புதுச்சேரி பஸ் கண்டக்டர் தம்பிக்கும் நன்றி.

காலையில் விரல் விறைக்கிற அக்கா தங்கச்சிகள் யாராவது இருந்தால், சாயங்காலம் கடைக்கு வாருங்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயக்கமென்றால் நானும் கூட வருகிறேன்.