அண்ணனுக்கு, பாலத்தைப் பற்றி

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் பாலம் என்று வாயெடுத்தாலே நீங்கள் "சரி, பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தில் அது நடக்காது. நெடுஞ்சாலைத் துறையில் பாலமும் மதகுமாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

முதலில் கெட்ட செய்தி. போன தடவை வந்தபோது திருச்சி பெரியகடை வீதியில் வாங்கிக் கொடுத்தீர்களே, மரக் கைப்பிடி வைத்த குடை, அது ஆற்றோடு போய்விட்டது. பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரி கிளப்பிய காற்றில் குடை மல்லாந்தது. குடையைப் பிடிப்பதா, கைப்பிடிச் சுவரைப் பிடிப்பதா? சுவரைப் பிடித்தேன். இங்கே லாரியை 'லோரி' என்றுதான் சொல்ல வேண்டும். லாரி என்றால் என் சின்னவன்கூடச் சிரிக்கிறான்.

நான் ஏன் அந்தப் பாலத்தில் நடந்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஆற்றுக்கு இந்தப் பக்கம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்தபோது குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். பள்ளிக்கூடமும் கோவிலும் கூடவே வரவில்லை. தமிழ்ப்பள்ளி, மாரியம்மன், அத்தை மருந்து வாங்கும் கிளினிக் மூன்றும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. நடுவில் இரண்டு வண்டிகள் ஒட்டி உரசிப் போகும் அகலத்தில் ஒரு பாலம். ஓரத்தில் ஒரு சாண் விளிம்பு, அவ்வளவுதான். நடைபாதை என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பூனை நடக்கும்.

முன்பு பால்மரம், அதாவது ரப்பர், நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுவதும் ஆலைக்கு ஓடுகின்றன. உதிரும் பழங்கள் சக்கரத்தில் நசுங்கிப் பாலத்து ஓரமெல்லாம் எண்ணெய் வழுக்கல். அந்த வழுக்கலில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். இருட்டியபின் வேலை முடிந்து திரும்பும் வங்காளதேசத் தோட்டத் தொழிலாளர்கள், ஒருவர் பின் ஒருவராக, விளக்கில்லாத சைக்கிளில்.

உங்கள் மாப்பிள்ளையும் அந்த லோரிகளில் ஒன்றைத்தான் ஓட்டுகிறார். இதை மறைத்து என்ன பயன்? கோவிலில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, பாலத்தோரம் நடக்கவும் சைக்கிளில் போகவும் தனிப் பாதை வேண்டும் என்று மனு எழுதத் தீர்மானித்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மலாயில் அழகாக எழுதிக் கொடுத்தார். கம்பத்து மலாய்க்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கோப்பிக்கடைச் சீனர் போட்டார். போடாதவர் என் வீட்டுக்காரர்! "நான் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்" என்றார். நான் சண்டை போடவில்லை. மறுநாள் சின்னவனின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்து, அத்தையின் மருந்தை வாங்கிவரச் சொன்னேன். போனார், வந்தார், மருந்தை மேசையில் வைத்தார், ஒன்றும் பேசாமல் குளிக்கப் போய்விட்டார். திங்கட்கிழமை மனுவை எடுத்துப்போய், அவருடைய கையெழுத்தோடு மற்ற ஓட்டுநர்களின் கையெழுத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இடப்பக்கச் சக்கரத்தை ஒட்டி வருபவன் கண்ணில் படுவதே இல்லையாம். அன்றைக்கு அதிகம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பதில் வர மாதங்கள் ஆயின. போக்குவரத்துக் கணக்கெடுப்பின்படி அந்தப் பாலத்தில் நடப்பவர்கள் மிகக் குறைவாம். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கணக்கெடுத்தவர்கள் மோட்டாரை (மோட்டார் சைக்கிளை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எண்ணினார்கள், காரை எண்ணினார்கள், லோரியை எண்ணினார்கள். காலுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. பயத்தில் சுற்றுவழியில் மோட்டார் பிடித்துப் போகிறவர்களும் மோட்டார் கணக்கில்தான் சேர்ந்திருப்பார்கள்.

அதனால் நாங்களே எண்ணினோம். பள்ளி நோட்டு ஒன்றும் இரண்டு நாற்காலிகளும் பாலத்து முனையில் ஒட்டுக்கடை அக்காவின் கூடாரமும். விடியற்காலை முதல் இரவுவரை முறை வைத்து உட்கார்ந்தோம். நடப்பவருக்கு ஒரு பக்கம், சைக்கிளுக்கு ஒரு பக்கம். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. வங்காளதேசத்துப் பிள்ளைகள் மனுவில் கையெழுத்துப் போடப் பயந்தார்கள். பெர்மிட் பற்றிய பயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோட்டுக்குப் பெயர் வேண்டாமே! அவர்களும் நோட்டில் ஏறினார்கள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டில் மிகச் சீரான கோடுகள் அவர் போட்டவைதான். பால் வெட்டிய கை.

அத்தை சொல்லித்தான் காராய் பாலம் பற்றித் தெரிந்தது. போன மாதம் கோலகங்சாருக்குப் போனபோது இறங்கிப் பார்த்தோம். (அங்கே 1877-இல் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. அத்தை அதைப் பார்த்து "இவனால்தான் எல்லாம்" என்றார்.) காராயில் பேராக் ஆற்றின் மேல் செங்கல் தூண்கள் வைத்த பழைய ரயில் பாலம், விக்டோரியா பாலம். 1897-இல் தொடங்கி 1900-இல் முடித்திருக்கிறார்கள். ஈயம் ஏற்றும் ரயிலுக்காகக் கட்டியது. ஆனாலும் தண்டவாளத்தை ஒட்டி ஓரமாக ஒரு குறுகிய பாதையும் விட்டிருக்கிறார்கள். 2002-இல் ரயில் பக்கத்திலிருக்கும் கான்கிரீட் பாலத்துக்குப் போய்விட்டது. பழைய பாலத்து ஓரப் பாதையில் சனங்கள் இன்னும் போகிறார்கள். அத்தை சிறுமியாக இருந்தபோது தலையில் சட்டியோடு அதில் நடந்திருக்கிறாராம், ரயில் வரும்போது பலகையெல்லாம் பல் கிட்டுவது போல் நடுங்குமாம். ஈயத்துக்குக் கட்டியவனுக்கே காலின் நினைப்பு இருந்திருக்கிறது, பாருங்கள்.

எதிர்வீட்டு மகள் ஆக்லாந்தில் தாதியாக வேலை பார்க்கிறாள். அவள் வந்திருந்தபோது நோட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்கள் ஊர்த் துறைமுகப் பாலத்துக்கும் இதே கதைதான்" என்றாள். அது 1959-இல் திறந்தது. நிபுணர்கள் நடைபாதையோடுதான் கேட்டார்களாம், செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு நான்கு தடத்தோடு கட்டினார்கள். பத்து வருடத்தில் போதாமல் போய், 1969-இல் ஜப்பானில் செய்த எஃகுப் பாகங்களை இரண்டு பக்கமும் ஒட்டவைத்து எட்டுத் தடமாக்கினார்கள். அப்போதும் காலுக்கு இடமில்லை. 2021 மே 30 அன்று பெருங்கூட்டம் திரண்டு, ஒரு தடத்தைத் திறந்துவிடு என்று கேட்டது. பலர் போலீஸ் வரிசையைத் தாண்டிச் சைக்கிளோடு பாலத்தில் ஏறிவிட்டார்களாம். அடுத்த சில நாட்களில் அரசாங்கம், பழைய பாலத்தில் ஒட்டுவது சரிவராது, 785 மில்லியன் நியூசிலாந்து டாலரில் தனிப் பாலமே கட்டுகிறோம் என்று அறிவித்தது. செலவைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. அக்டோபரிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இதைக் கேட்டு எங்கள் பெண்களில் பாதிப் பேர் சோர்ந்துவிட்டார்கள். எனக்கு வேறு பாடம் தெரிந்தது. நாங்கள் பெரிதாகக் கேட்கக் கூடாது, கேட்டது கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பினாங்குப் பாலத்தைப் பாருங்கள், 1985-இல் திறந்தது, பதின்மூன்றரைக் கிலோமீட்டர். மோட்டாருக்குத் தனித் தடம் உண்டு, நடப்பவனுக்கு மாரத்தான் ஓட்டத்தன்று மட்டும்தான் அனுமதி. அங்கே கடல். எங்களுடையது வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரிய ஆறு.

இப்போது உங்கள் வேலை. போன வாரம் அதிகாரி ஒருவர் டேப்போடு வந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார், முகம் மாறியது. ஆனாலும், பாலத்தின் பக்கத்தில் பாதையைத் தொங்கவிட்டால் பழைய தூண்கள் சுமை தாங்குமா தெரியாது என்றார். தொங்கவிடாமல், பத்தடி தள்ளித் தனிக் கால்களில் இரும்பு நடைபாலம் போட்டால் செலவு கூடுமா, குறையுமா? வெள்ளத்தில் இரண்டு பாலத்துத் தூண்களுக்கு நடுவே மரக்கட்டை சிக்குமா? நடப்பவருக்கு மட்டும் ஒன்றரை மீட்டர் போதும் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சைக்கிளும் எதிரெதிரே போக எவ்வளவு வேண்டும்? அத்தையின் கூட்டாளி ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் காவிரிப் பாலம், மாம்பழச் சாலையிலிருந்து சிந்தாமணிக்கு. ஆடிப்பெருக்குக்கு அப்பா நம் இருவரையும் ஓரத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டுவாரே, லாரி நம் முதுகுப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும், நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அந்த ஓரம் எத்தனை அகலம் என்று எனக்கு நினைவில்லை. கைப்பிடிச் சுவர் என் தாடை உயரம் இருந்தது, அது மட்டும்தான் தெரியும். ஒரு சாயங்காலம் போய் அளந்து எழுதுங்கள். முழக்கணக்கு வேண்டாம், டேப் எடுத்துக்கொண்டு போங்கள். சனங்கள் நின்று காற்று வாங்குவதையும் படமாக எடுத்து அனுப்புங்கள். அதிகாரிக்குக் காட்ட வேண்டும். கடலை விற்பவரும் படத்தில் விழுந்தால் விழட்டும்.

அண்ணிக்குச் சொல்லுங்கள், வடகம் வந்து சேர்ந்தது. குடை வேண்டாம், இங்கேயே பதினைந்து மலேசிய வெள்ளிக்கு ஒன்று வாங்கிவிட்டேன். மடக்கு வகை.

அன்புத் தங்கை