உமையாளுக்கு: மைல்ஸ் படத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

சிவமயம்
காரைக்குடி

செல்வ மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது.

உங்கள் குழு ஒரு சித்திரக்கதையை அனிமேஷன் படமாக்கப் போவதாகவும், மைல்ஸ் என்ற பையன் ஸ்பைடர்-மேன் ஆகும் கதையாக 2018இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டூ தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தை மாதிரியாக வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். தேர்வு சரிதான். ஆனால் அந்தப் படத்தைப் பின்பற்றுகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது அதிலுள்ள அச்சுப் புள்ளிகளைத்தான். அங்கேதான் சறுக்குகிறார்கள்.

காமிக்ஸைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் கதையை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர்கள் காகிதத்தையும் சேர்த்து எடுத்தார்கள். பழைய காமிக்ஸ் மட்டமான தாளில், நான்கே மையில் அச்சானது. இடைப்பட்ட நிறத்துக்குப் புள்ளிகள். அச்சுத் தகடு கொஞ்சம் நகர்ந்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி வெளியே நிற்கும். அச்சகத்தில் ரெஜிஸ்டர் விலகிவிட்டது என்பார்கள். படத்தில் தூரத்துப் பொருள் மங்கலாக வேண்டிய இடங்களில் லென்ஸ் மங்கலுக்குப் பதில் இந்த விலகலைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் வண்ணம் ஊற்றி அச்சைத் தூக்கியதும் இரண்டு வண்ணம் சேரும் ஓரம் லேசாக நெளிந்திருக்கும் பார், கை பட்டதற்கு அதுதான் சாட்சி. கணினியில் தானாக வராத அந்த நெளிவை இவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்.

இதிலேயே ஒரு குறையும் உண்டு. விலகல் கூடிப்போன ஷாட்டுகளில், கண்ணாடி போடாமல் 3டி படம் பார்ப்பதுபோல் கண் உறுத்துகிறது. நீங்கள் செய்தால் பின்னணியை மட்டும் விலக்குங்கள். பேசுகிற முகத்தைத் தொடாதீர்கள். புள்ளியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புள்ளிகளைத் திரையோடு ஒட்டிவைத்தால், பாத்திரம் ஒரு சல்லடைக்குப் பின்னால் நடப்பதுபோல் தெரியும். உடம்போடு ஒட்டிவைத்தால், கேமரா கிட்டே போகும்போது புள்ளி பூதாகரமாகும். ஷாட்டுக்கு ஷாட் முடிவு செய்ய வேண்டியதுதான், ஒரே விதி போதாது. ரொம்பப் பொடிப் புள்ளி வேண்டாம். யூடியூபில் ஏற்றும்போது சுருக்கத்தில் நசுங்கி, அழுக்குபோல் ஆகிவிடும்.

அசைவு இதைவிட முக்கியம். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். கணினி அனிமேஷனில் வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புது நிலை. இங்கே பல இடங்களில் ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் நிறுத்துகிறார்கள். அதாவது நொடிக்கு 12 நிலைதான். வேகமாக நகரும்போது உருவம் கலங்கித் தெரியும் அசைவு மங்கலும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு நிலையும் ஒரு காமிக்ஸ் கட்டம்போல் கண்ணில் நிற்கிறது. காட்டுக்குள் தப்பி ஓடும் காட்சியைத் திரும்பப் பார். அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்-மேன் பீட்டர் 24இல் வழுக்கிக்கொண்டு போகிறான்; மைல்ஸ் 12இல் தடுமாறுகிறான். இன்னும் கற்றுக்கொள்ளாத பையன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஃபிரேமே சொல்லிவிடுகிறது. வித்தை வேலை செய்வது கதை அதைக் கேட்டதால். எல்லாரையும் எப்போதும் 12இல் ஓட்டினால் அது வெறும் சிக்கனமாகத்தான் தெரியும். இன்னொன்று: கேமரா 24இல் பக்கவாட்டில் நகர, பாத்திரம் 12இல் நின்றால், உருவம் முன்னும் பின்னும் துடிக்கும். அந்த ஷாட்டில் மட்டும் பாத்திரத்தையும் 24க்கு மாற்றிவிடுங்கள்.

எழுத்துப் பெட்டிகள் சிலந்தி கடித்த பிறகுதான் திரையில் வருகின்றன. அதுவரை சாதாரணப் பையன், அதற்குப் பிறகு காமிக்ஸ் பாத்திரம். இந்தக் கட்டுப்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் ஐந்து சொல்லுக்கு இரண்டு நொடியாவது திரையில் விடுங்கள்.

இனி கதை. மைல்ஸை 2011இல் உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் சாரா பிச்செல்லியும். காமிக்ஸில் அவன் தகப்பனாரின் உடன்பிறந்த ஆரன், மைல்ஸோடு நடக்கும் சண்டையிலேயே சாகிறான். நீயும் என்னைப்போலத்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பையன் அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டியிருக்கிறது. படத்தில் ஆரனைச் சுடுவது வில்லன் கிங்பின். சாகும்போது ஆரன் வாழ்த்திவிட்டுப் போகிறான். குழந்தைகளும் பார்க்கும் படம் என்பதால் மாற்றியிருக்கலாம், அழுகையும் வருகிறது. ஆனால் கசப்பு போய்விட்டது. கசப்பில்தான் அந்தக் கதையின் வலு இருந்தது என்பது என் கணக்கு.

கிங்பின் உருவம் அபாரம். திரையை அடைக்கும் கறுப்புப் பாறை, மேலே சிறு தலை. ஓவியர் பில் சின்கெவிச் வரைந்த வடிவத்தின் சாயல் அது. ஆனால் மனைவியையும் மகனையும் இழந்த அவன் துக்கம் ஒரு சின்ன நினைவுக் காட்சியோடு முடிந்துவிடுகிறது. அவர்களைத் திரும்பப் பெற வேற்று உலகங்களைத் திறக்கும் இத்தனை பெரிய இயந்திரம் கட்டுகிறவனுக்கு அது போதாது.

வேற்று உலகங்களிலிருந்து வந்த ஸ்பைடர் வீரர்களான நுவார், ஹாம் என்ற பன்றி, பெனி மூவரும் கடகடவென்று அறிமுகமாகிறார்கள். அப்புறம் நகைச்சுவைக்கும் சண்டைக்கும்தான் பயன்படுகிறார்கள். நம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை யோசித்துப் பார். மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான், மறைந்தாலும் கை மட்டும் தெரியும். அந்த ஒரு குறைபாட்டை வைத்தே எத்தனை நெருக்கடி பின்ன முடிந்தது! இந்த மூவருக்கும் அப்படித் தனக்கென ஒரு இக்கட்டு இல்லை. வேற்று உலகத்தில் உடல் சிதறித் துடிப்பது எல்லாருக்கும் பொது. உங்கள் கதையில் துணைப்பாத்திரம் ஐந்து என்றாயே, இரண்டாகக் குறைக்கப் பார்.

கடைசிச் சண்டையில் கட்டடங்களும் ரயில்களும் வண்ணங்களும் ஒரே நேரத்தில் பறக்கின்றன. தரை எது, யார் எங்கே என்று பிடிபடவில்லை. மைல்ஸ் மாடியிலிருந்து குதிக்கும் காட்சியோடு ஒப்பிட்டுப் பார். விரல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கண்ணாடி உடைந்து கையோடு வருகிறது. பயம் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. பிறகு கேமரா தலைகீழாகி, விழுகிறவன் மேலே எழுவதுபோல் காட்டுகிறது. ஒரு ஆள், ஒரு கட்டடம், ஒரு திருப்பம். அவ்வளவுதான் அதில் இருப்பது.

ஆத்தாவுக்குப் படத்தில் பன்றி வந்ததுதான் பிடித்ததாம், எழுதச் சொன்னாள். ஸ்டோரிபோர்டு முதல் பத்துப் பக்கம் ஆனதும் கறுப்பு வெள்ளையிலேயே அனுப்பு. புள்ளியும் வண்ணமும் இல்லாமலே கதை புரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி