26ஆம் பிரிவைத் தள்ளி வைத்த தங்கைக்கும், உங்கள் எல்லோருக்கும்

வகுப்புத் தோழர்களே, தோழிகளே, ஆசிரியர்களே, கோர்ட் வாசல் நண்பர்களே,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று யார் துணையும் இல்லாமல் வாசல் வரை நடந்து போய்ப் பேப்பரை எடுத்து வந்தார். சட்டக் கல்லூரியில் இந்தப் பருவத்துக்கான என் கடைசிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நன்றியை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லலாம் என்றால், இரண்டு பேரிடம் பேசுவதற்குள் அழுதுவிடுவேன். அதனால்தான் இந்த மடல்.

பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில் விடிவதற்கு முன்பே வந்து நின்ற தம்பிகளுக்கு நன்றி. அதில் ஒருவர் அதுவரை என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆண்கள் வார்டில் ராத்திரி நான் தங்க முடியாதபோது முறைவைத்து வந்து அவருக்குத் துணையாகப் படுத்தவர்களுக்கு நன்றி. என் மகள் பள்ளிக்கூடத்துக்குச் சோறு இல்லாமல் போய்விடக் கூடாது என்று தினமும் டிபன் கட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு மதினிக்கு நன்றி. கோர்ட் வாசலில் என் டைப்பிங் மேசை காலியாகக் கிடந்தபோது, அவசரமாக ஜாமீன் மனு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல், தன் வேலை முடிந்ததும் என் மேசையில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்து, அந்தக் காசை ஒரு ரூபாய் குறையாமல் என் மகளிடம் கொண்டுவந்து சேர்த்த அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வருகைப்பதிவு 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பாடத்தில் எத்தனை வகுப்பு மீதி இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, "இன்னைக்கு இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் வந்துட்டுப் போங்கம்மா" என்று போனில் கூப்பிட்டுச் சொன்ன பேராசிரியரால்தான் எனக்கு ஹால் டிக்கெட் வந்தது.

வகுப்புப் பிரதிநிதி பொறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னால் இனி ஓட முடியாது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த தாள் முதல்வர் அறைக்குப் போகவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று நினைவுபடுத்துவது, உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, சட்ட உதவி முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிப்பது என்று எல்லா வேலையையும் நீங்கள் பங்கு போட்டுக்கொண்டீர்கள். பெயரை மட்டும் என்னிடமே விட்டுவிட்டீர்கள்.

உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மாணவர் தேர்தல்களுக்காக லிங்டோ குழு சொன்ன விதிகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி பட்டப்படிப்பு மாணவர் போட்டியிட 22 வயதுதான் வரம்பு. ஆராய்ச்சி மாணவருக்கே 28. எனக்கோ நாற்பது தாண்டிவிட்டது. முறையான மாணவர் பேரவைத் தேர்தல் என்று ஒன்று நடந்தால் நான் மனுத் தாக்கல்கூடச் செய்ய முடியாது. நம் வகுப்பில் கை தூக்கச் சொன்ன அன்றைக்கு நீங்கள் எல்லோரும் என் பக்கம் தூக்கினீர்கள். கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது, பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் என்னை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். கஷ்டம் வந்தபோதும் அந்த இடத்திலிருந்து இறக்கிவிடவில்லை.

சரி, இனி இந்த மடல் ஒருத்திக்காக. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விடுதியில் தங்கிப் படிக்கிற தங்கை என்று சொன்னால் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கல்லூரிக்கு வருவதற்கு முன் பல வருஷம் கோர்ட் வாசலில் டைப் அடித்தவள். இப்போதும் மாலையில் அதுதான் வேலை. சட்டம் எனக்கு முதலில் மூளைக்குள் வரவில்லை, விரலுக்குள்தான் வந்தது. கொலை என்றால் 302, மோசடி என்றால் 420, வரதட்சணைக் கொடுமை என்றால் 498ஏ, முன்ஜாமீன் என்றால் 438. வக்கீல் வாயைத் திறப்பதற்கு முன் கை அடித்துவிடும். 2024 ஜூலை 1ஆம் தேதி அத்தனையும் ஒரே நாளில் மாறியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளுக்குப் பதிலாக பி.என்.எஸ். என்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 358 பிரிவுகள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 531 பிரிவுகளோடு பி.என்.எஸ்.எஸ். என்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பழைய சாட்சியச் சட்டம் போய் 170 பிரிவுகளோடு பி.எஸ்.ஏ. என்கிற பாரதிய சாக்ஷ்ய அதிநியம். உங்களுக்குப் புது எண்ணைப் புதிதாகப் படித்தால் போதும். எனக்கு ஒவ்வொரு எண்ணையும் விரலிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்றை நட வேண்டியிருந்தது. பிடுங்கினாலும் தூக்கிப் போட முடியாது. அந்த ஜூலைக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இன்றைக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவைத்தான் போட வேண்டும். கோர்ட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் பாடம் நடக்கும்போது நான் பழைய எண்ணை வாய்க்குள் முணுமுணுப்பேன். அவள் எனக்கு முன் வரிசை. அது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. எழுத்து கண்ணில் நிற்காது. ஒரு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் முதல் சொல் மறந்திருக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, படிக்க வேண்டாம், சும்மா கேளுங்க" என்று ஆரம்பித்தாள். அப்புறம் தினமும் வந்தது. விடுதி அறைக்குள் சிக்னல் எடுக்காது என்பதால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் வாசிப்பாள். காயப்போட்ட துணி காற்றில் படபடவென்று அடிக்கும். கீழே சாப்பாட்டுக்குத் தட்டோடு போகிறவர்கள் பேசிக்கொண்டு போவார்கள். அதற்கு நடுவில் அவள் குரல்.

"பழசு 438, புதுசு 482. அக்கா, 482ன்னா உங்க விரல் க்வாஷ்னு அடிக்கும். அது இப்ப 528. முன்ஜாமீன்தான் 482. இன்னொரு தடவை சொல்றேன்." க்வாஷ் என்பது வழக்கையே ரத்து செய்யக் கேட்கிற மனு.

"ஜீவனாம்சம் பழசு 125, புதுசு 144. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச அந்த 144 தடை உத்தரவு இப்ப 163."

"செக் கேஸ் 138 மாறல அக்கா. அது வேற சட்டம். அதை அப்படியே வச்சுக்கங்க."

பிரிவை ஆங்கிலத்தில் நிதானமாக வாசிப்பாள். அவளும் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள்தான். ஒரு சொல் தடுக்கினால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசிப்பாள். பிறகு அதன் பொருளைத் தமிழில் சொல்வாள், என்னைப் போல அவளும் பரீட்சையைத் தமிழில்தான் எழுதுகிறாள். ஐ.சி.யு. வெளி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொள்வேன். உள்ளேயிருந்து பேஷண்ட் பெயரைச் சொல்லி "கூட இருக்கறவங்க வாங்க" என்று கூப்பிட்டால் கேட்க வேண்டும், இன்னொரு காது அதற்கு. எத்தனையோ தடவை பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கேட்பேன். பாடம் ஏறியதோ இல்லையோ, நான் இன்னும் ஒரு மாணவிதான், இந்த வராந்தாவுக்கு வெளியே எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்தக் குரல் தினமும் எனக்குச் சொன்னது.

புதிய சாட்சியச் சட்டத்தை ஆரம்பித்தாள். ஒருநாள் 25ஆம் பிரிவோடு நிறுத்தினாள். மறுநாள் 27இலிருந்து தொடங்கினாள். நடுவில் ஒன்று விட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. கேட்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

அவரை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். வகுப்புக் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டேன். அன்று ராத்திரி அவளிடமிருந்து ஒரு பதிவு வந்தது. "அக்கா, இது 26. பழசு 32. இன்னைக்கு அனுப்பலாம்னு எடுத்து வச்சிருந்தேன்."

சட்டம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இறந்துபோன ஒருவர், தன் சாவுக்கு என்ன காரணம் என்று சாவதற்கு முன் சொல்லியிருந்தால் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற பிரிவு அதுதான். மரண வாக்குமூலம்.

வராந்தாவில் வைத்தே அழுதுவிட்டேன். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வர நிறைய வாய்ப்பு உண்டு என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அனுப்பாமலே விட்டிருந்தால் எனக்குப் பாடம் போயிருக்கும். வரிசைப்படி அனுப்பியிருந்தால், கணவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளின் காதில் அந்தச் சொல் விழுந்திருக்கும். அவள் தன் நோட்டில் 26க்கு எதிரே ஒரு சின்ன வட்டம் போட்டு, நாள் வரட்டும் என்று வைத்திருந்தாள். அந்த நோட்டை நான் பிறகு பார்த்தேன். என் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. இந்தப் பக்குவம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. சாவு நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தோடுதான் இறந்தவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் எதிர்பார்க்கும், நம் சட்டம் அப்படிக் கேட்காது. இந்த வேறுபாட்டை அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். எழுதும்போது அவள் குரலிலேயே வரி வரியாக வந்தது. வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கும் வாசிச்ச மாதிரி இருந்துச்சுல்லக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நன்றி சொல்ல ஆரம்பித்தால் முகம் தெரியாதவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர 30 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று வக்கீல்களையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சில் 2008இல் ஒரு விதி கொண்டுவந்தது. இடையில் அதை விலக்கி, 2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்துச் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2017இல் அந்த விதிக்குத் தடை கிடைத்தது. அந்த வழக்கில் நின்றவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் போகாமல் இருந்திருந்தால் இந்த வகுப்பறையில் எனக்கு இருக்கை இருந்திருக்காது, உங்களையும் தெரிந்திருக்காது. வழக்குப் போடுகிறவர் தனக்காகத்தான் போடுகிறார் என்று டைப் அடித்த காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு மனுவையும் அடிக்கும்போது, இதற்குப் பின்னால் இன்னும் யார் யார் நிற்கிறார்களோ என்று தோன்றுகிறது.

ஒன்றை உங்கள் முன்னால் உறுதியாகச் சொல்லி வைக்கிறேன். படிப்பை முடித்து வக்கீலாகப் பதிவு செய்வேன். பதிவுக் கட்டணத்தை நினைத்துப் பயந்த காலம் உண்டு. 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் அந்தப் பயமும் இல்லை. கோர்ட் வாசலில் கைநாட்டு வைக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே விரலை மையில் தொடுவார்கள். என்னிடம் வருகிற ஒருவர்கூட அப்படிக் கைநாட்டு வைக்க மாட்டார். மனுவை முழுதாகத் தமிழில் வாசித்துக் காட்டுவேன், புரிந்தது என்று அவர் சொல்லும் வரை வாசிப்பேன். வாசிக்க முடியாத நிலையில் இருக்கிறவருக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டுவது என்றால் என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

தங்கையின் பதிவுகளையெல்லாம் அவள் சம்மதத்தோடு பிரிவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். பழைய எண், புதிய எண் அட்டவணையை நானே டைப் அடித்துவிட்டேன். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள், வேலையை விட முடியாமல் படிக்கிறவர்கள், போலீஸ் வேலையிலிருந்து வந்து படிக்கிறவர்கள் எந்த வருஷ மாணவராக இருந்தாலும் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். கோர்ட் வாசல் குமாஸ்தா அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், திங்கட்கிழமை முதல் கல்லூரிக்கு வருகிறேன். நூலகத்தை மாலையில் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கக் கேட்டு நீங்கள் எழுதி வைத்திருக்கிற மனுவைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. விடுதி மாணவிகள் திரும்பிப் போகிற நேரத்தையும் அதில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடலாம். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் முதல் வகுப்புக்கு முன் என்னிடம் வந்து போட்டுவிடுங்கள். முதல்வரைப் பார்க்க நானே போகிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் அக்கா, வகுப்புப் பிரதிநிதி