கோட்டில் இரண்டு சாவி

கிருஷ்ணகிரி
ஜூன் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் சீசன், லாட்ஜில் ஒரு ரூம்கூடக் காலி இல்லை. அதனால்தான் பதில் தள்ளிப்போனது, கோபித்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்கு பெங்களூரில் பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்ததைப் படித்ததும் டீக்கடையில் நாலு பேருக்கு என் கணக்கில் டீ சொன்னேன். நீ என்னடாவென்றால், "கான்சியர்ஜ் என்றால் பெட்டி தூக்குகிற வேலையாமே, உன் தங்கச்சி ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அதே ஊரில் பெட்டி தூக்கத் தொடங்கி, பதினாறு வருஷம் கான்சியர்ஜ் மேசையோடு கிடந்தவன் நான். என்னிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரூம் கொடுப்பதும் பில் போடுவதும் ரிசப்ஷன் வேலை. மிச்சமெல்லாம் கான்சியர்ஜ் தலையில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் வந்து, ஷூ பிய்ந்துவிட்டது, காலையில் ஏழு மணிக்கு மீட்டிங் என்று நிற்பார். இன்னொருவருக்கு, நிரம்பிவிட்ட ஓட்டலில் ஆறு பேருக்கு டேபிள் வேண்டும். ஷூவைப் பாப்பா தைக்கப்போவதில்லை. அந்த நேரத்தில் தைத்துக் கொடுக்கிற ஆள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இவள் நம்பரைப் பார்த்ததும் அந்த ஆள் போனை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்தப் பழக்கத்தைச் சம்பாதிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

பெங்களூர் ஹோட்டலில் எங்கள் மேசைக்குத் தலைவராக இருந்த பெரியவரின் கோட்டில், இரு பக்கக் காலரிலும் தங்க நிறத்தில் இரண்டு சாவிகள் குறுக்காக மாட்டியிருக்கும். 'லே க்ளே தோர்' என்ற சங்கத்தின் சின்னம் அது. பிரெஞ்சில் தங்கச் சாவிகள் என்று பொருள். 1929-ல் பாரிஸில் 11 ஹோட்டல் கான்சியர்ஜுகள் சேர்ந்து ஆரம்பித்தது, 1952-ல் பல நாட்டுக்காரர்களும் சேர்ந்த சங்கமாக வளர்ந்தது. கடையில் வாங்கி மாட்டிக்கொள்கிற பேட்ஜ் இல்லை. பல வருஷம் அந்த மேசையில் நின்று, ஏற்கெனவே சாவி மாட்டியவர்கள் இவர் நம்ம ஆள் என்று சொன்னால்தான் கிடைக்கும். லண்டனுக்குப் போகிற விருந்தாளிக்கு ஏதாவது தேவையென்றால், பெரியவர் முகம் பார்த்திராத அங்குள்ள சாவிக்காரருக்குப் போன் போடுவார், வேலை நடந்துவிடும்.

கான்சியர்ஜ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அரண்மனையில் மெழுகுவர்த்திகளைப் பார்த்துக்கொண்டவரைத்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார்களாம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை, லத்தீனில் 'கூட ஊழியம் செய்யும் அடிமை' என்ற சொல்லிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். தங்கச்சியிடம் மெழுகுவர்த்திக் கதையை மட்டும் சொல்.

பாப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேசைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு போன். "நான் அவர் தம்பி பேசுறேன், அண்ணன் எந்த ரூம்?" 412 என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் மேலே ஏறிப் போனார்கள். தம்பியாவது ஒன்றாவது, கடன் கொடுத்தவர்கள். காரிடாரில் அந்த மனிதர் சட்டைக் காலர் கிழிய நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ரூம் நம்பர் சொல்லக்கூடாது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்லக்கூடாது. பேரும் நம்பரும் கொடுங்கள், தகவல் சொல்லிப் பார்க்கிறோம் என்று மட்டும் சொல்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே லாட்ஜில் எனக்குக் கோட்டும் இல்லை, சாவியும் இல்லை. உண்டு, பின்னால் பலகையில் இருபத்திநாலு ரூம் சாவி! ஆனால் வேலை அதேதான். தெலுங்கில் பாதி, கன்னடத்தில் பாதி, லாரிக்காரர்களிடம் என் ஓட்டை இந்தி. போன ஆடியில் குண்டூரிலிருந்து ஒரு குடும்பம், விடிந்ததும் ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறுவதாகத் திட்டம். போனில் எல்லாம் பார்த்துவிட்டோம் என்றார்கள். எனக்கென்னவோ உறுத்தியது. அங்கே எனக்குப் பழக்கமான பரிசல்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணா, கர்நாடகாக்காரன் தண்ணி விட்டுட்டான், பரிசலுக்கும் குளியலுக்கும் கலெக்டர் தடை போட்டாச்சு" என்றார். ரெண்டு மணி நேரம் காரில் போய்த் தடுப்புக் கயிற்றைப் பார்த்துவிட்டு வருவதற்குப் பதில், அவர்களை இங்கே பக்கத்திலேயே இருக்கிற கே.ஆர்.பி. டேமுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அந்த வீட்டுப் பாட்டி எனக்கு ஒரு வறுத்த மீன் பொட்டலம் கொண்டு வந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, நான் புரட்டாசி மட்டுமில்லை, எல்லாச் சனியும் சைவம். வாங்கிக்கொண்டு வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

கமிஷன் பற்றிக் கேட்டிருந்தாய். ஆட்டோக்காரர், கடைக்காரர் எல்லாரும் நீட்டத்தான் செய்வார்கள். கமிஷனுக்காக ஒருமுறை மோசமான கடைக்கு ஆளை அனுப்பினால், திரும்பி வந்து நம்மிடம் வழி கேட்கவே மாட்டார். டிப்ஸ் வேறு விஷயம், அது கொடுக்கிறவர் மனசு.

சீசனில் எல்லாரும் ஒரு பெட்டி மாம்பழம் கேட்பார்கள். என் மண்டிக்காரர் விலை சொல்வதற்கு முன்னால், "எந்தக் கிழமை சாப்பிடப் போறீங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒவ்வொரு காயாகக் காம்படியில் மோந்து பார்த்து, முதலில் பழுப்பதை மேலேயும் கடைசியில் பழுப்பதைக் கீழேயும் வைக்கோல் போட்டு அடுக்குவார். பாப்பாவைக் கூட்டிவந்து அரை மணி நேரம் அந்த மண்டியில் உட்கார வைக்கலாம் என்று ஆசை.

அவளுக்கு லீவு எப்போது, தர்மபுரிக்கு எந்தக் கிழமை வருகிறாள் என்று உடனே எழுது. செந்தூராவா, மல்கோவாவா என்பதையும் சொல். அதற்குத் தகுந்த மாதிரி பெட்டி கட்டச் சொல்கிறேன்.

உன்,
மச்சான்