அத்தைக்கு, மனு கொடுத்த பிறகு

அத்தை,

உங்கள் மகன் என்னை அடித்ததைப் பற்றி, கலெக்டர் ஆபீசுக்குப் போய், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கிற பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்துவிட்டேன். யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். என் போனை எடுக்க மாட்டீர்கள். இங்கே எழுதினால் செல்லூரில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். அவர்களும் படிக்கிறார்கள் என்பதால் சிலதை எழுதவில்லை, உங்களுக்கே தெரியும்.

அன்று ராத்திரி சத்தம் கேட்டதும் வந்து, தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனீர்கள். எல்லாம் அடங்கின பிறகு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, சூடாக என் தோளில் பற்றுப் போட்டீர்கள். உங்கள் இடது மணிக்கட்டு கோணிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். கிணற்றடியில் விழுந்தது என்று ஊருக்கே சொல்லிவைத்த கை. "உங்க மாமா முறிச்சதுத்தா. நான் எங்க போக?" என்றீர்கள். உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். விடிந்ததும் எதிர்வீட்டு அக்காவிடம், "மாடிப்படியில வழுக்கிட்டா" என்றீர்கள். உங்களுக்கு எப்படி அத்தை வாய் வந்தது?

குடிதான் காரணம் என்பீர்கள். கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர் உங்கள் மகன். அன்றைக்கு அவர் குடிக்கவும் இல்லை. என் சம்பளம் ஏறிய நாள், ஏடிஎம் கார்டைத் தரமாட்டேன் என்றேன், அவ்வளவுதான். பெண்டாட்டி கையில் காசு இருந்தால் மதிக்கமாட்டாள் என்று அவருக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்த பிள்ளை. இப்போது அங்கே என் மகன் நிற்கிறான்.

உங்களுக்குப் போக்கிடம் இல்லாமல்தான் இருந்தது. பிறந்த வீட்டுக்குப் போனால் வாழாவெட்டி, இருக்கிற வீடு மாமா பேரில். குடும்ப வன்முறைச் சட்டம் வந்ததே 2005-ல்தான். வீடு யார் பேரில் இருந்தாலும் சரி, அங்கே குடியிருக்க எனக்கு உரிமை உண்டு என்கிறது அது. சம்பளத்தைப் பிடுங்குவதும் வன்முறைதான் என்கிறது. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போட்டபோது என் குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க எனக்கு மனசே இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மனுவில் ஜன்னலைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதை எழுதாமல் எதை எழுதுவது?

சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும். டாக்டர் சீட்டு பீரோ மேல்தட்டில் இருக்கிறது. என் அம்மா போட்ட வளையல் இரண்டும் அங்கேதான். அடகுக்கடைக்குப் போக விடாதீர்கள், அது என் சீதனம்.