கொம்பனித்தெருவின் கதையை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

கொழும்பில் இடப்பெயர் விளக்கப் பலகைகளை வைக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனையில் நீங்கள் வைத்திருக்கும் பலகை பற்றித்தான் எழுதுகிறேன். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியால் வந்ததே கொம்பனித்தெரு என்ற பெயர் என்று அதில் முடிவாக எழுதிவிட்டீர்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மலாய்ப் படையின் கொம்பனிகள், அதாவது படைப்பிரிவுகள், இங்கே தங்கியிருந்ததால்தான் இந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் எல்லாம் இங்கேதானே இருக்கின்றன?

என் மகள் தரம் 6 படிக்கிறாள். ஊர்ப்பெயர் பற்றிய ஒப்படைக்காக அடுத்த வீட்டு மலாய் அம்மாவிடம் ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து கேட்டு, இரண்டு விளக்கங்களையும் எழுதிக்கொண்டு போனாள். இரண்டாவது பந்தி முழுவதும் சிவப்புப் பேனாவால் வெட்டப்பட்டு வந்தது. ஓரத்தில் 'பலகையைப் பார்க்கவும்' என்று ஒரு குறிப்பு. ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அரசாங்கப் பலகையை நம்பாமல் வேறு எதை நம்புவார்? "அப்போ அன்ரி பொய்யா சொன்னா?" என்று பிள்ளை கேட்டாள். அதற்கான பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொழும்பு என்ற பெயருக்கே ஒரு முடிவு கிடையாது. காய்க்காமல் இலை மட்டும் விட்ட மாமரத்தால் வந்தது (சிங்களத்தில் கொல என்றால் இலை, அம்ப என்றால் மா) என்று 1681இல் ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் எழுதினார். துறைமுகத்தைக் குறிக்கும் பழைய சிங்களச் சொல் என்பார்கள் வேறு சிலர். கொலம்பஸின் பெயர் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கொலம்பஸ் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, 1344இல் இங்கே வந்த பயணி இபன் பதூதா இதைக் கலன்பு என்று குறிப்பிட்டிருக்கிறார். இப்படி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே எது நிற்கும், எது நிற்காது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்? அதனால்தான் கேட்கிறேன்: இருக்கிற விளக்கங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு ஸ்லேவ் ஐலண்ட் (அடிமைத் தீவு) என்று பெயர் வந்ததே, ஒல்லாந்தர் இங்கே அடைத்து வைத்திருந்த அடிமைகளால்தான். கம்பனியின் பெருமையைச் சொல்லும் பலகையில் அந்த மனிதர்களுக்கு ஒரு சொல் கூட இல்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நீளமாக இருக்கிற விளக்கம் தமிழில் ஒரே வரி, அதிலும் எழுத்துப்பிழை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. இன்னும் எத்தனை காலத்துக்கு நாங்கள் பலகை பலகையாகப் போய்ப் பிழை திருத்திக்கொண்டிருப்பது?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. மலாய் விளக்கத்தையும் அடிமைகளின் கதையையும் மூன்று மொழிகளிலும் ஒரே அளவில் சேருங்கள். எழுதுவதற்கு முன் இங்கே குடியிருக்கிறவர்களிடம் ஒருமுறை வந்து கேளுங்கள். அடுத்த தவணைக்கு முன் செய்து தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொம்பனித்தெருவில் குடியிருக்கும் ஒரு தாய்