இரண்டு இறக்கையையும் எடை போட்டுப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே மூன்று பேரும் சுகம்தானே?

போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். கொஞ்ச நாளாக எடுப்பதும் இல்லை, படம் மட்டும் வருகிறது. எல்லாப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் கடிதம்.

நீ செய்கிற மாதிரி விமானத்துக்கு இறக்கை ஒன்பது அடி என்று சொன்னபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நிஜ பைப்பர் கப் விமானத்துக்கே இறக்கை 35 அடிதான், இது அதில் கால் பங்கு என்று நீ எழுதிய பிறகுதான் கணக்குப் புரிந்தது. பெட்டிக்குள் வெறும் குச்சியும் தகடுமாக வந்ததை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாயே! இறக்கைக்குள் குறுக்கே நிற்கிற விலாக்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. ஆயுசு பூராவும் அறுப்பு மில்லில் நின்றவன் சொல்கிறேன், வேலை சுத்தம். ஒன்றே ஒன்று, வலது இறக்கையில் நுனியிலிருந்து மூன்றாவது விலா ஒரு மயிரிழை உள்ளே சாய்ந்த மாதிரி தெரிகிறது. படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிடு.

பிளானை விரித்து, அதன்மேல் பாலிதீன் போட்டு, குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறாய். ஆனால் அது சாப்பாட்டு மேசை அல்லவா? உங்கள் கல்யாணத்துக்கு நான் அயனியில் செய்து அனுப்பிய மேசை. அதில் குண்டூசி குத்தியதற்காகச் சொல்லவில்லை. நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருக்கிறாயே, நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? பாப்பா தரையில் உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்காது. அம்மாவுக்கும் இதே கேள்விதான். கேட்கட்டுமா என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

கடையில் ஒரு ஃப்ளஷ் டோர், அந்த வழவழப்பான பிளைவுட் கதவு, வாங்கி இரண்டு ஸ்டூல்மேல் போட்டுக்கொள். அதைவிடச் சமதளமான பலகை கிடைக்காது. கீழே இருக்கும் பலகை எப்படியோ இறக்கையும் அப்படித்தான் வரும். பலகை முறுக்கி இருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும், காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சாப்பாட்டு மேசையும் காலியாகும்.

நீ போனதடவை கொடுத்துவிட்டுப் போன பால்சா மரத்துண்டை மில்லில் எல்லோருக்கும் காட்டினேன். கையில் வாங்கியவன் ஒவ்வொருவனும் மேலே தூக்கிவிட்டான், கனம் இருக்கும் என்று நினைத்து. காய்ந்த தேக்கு ஒரு கன அடி பதினெட்டு கிலோ வரும். இது நாலு, நாலரை கிலோதான். ஈக்வடார் நாட்டில் நட்டு ஆறேழு வருஷத்தில் வெட்டிவிடுகிறார்களாம், நம் இலவ மரத்தின் குடும்பம்தானாம். காய் வெடித்தால் பஞ்சும் பறக்குமாம். இலவத்தையும் மட்டியையும் நாம் தீப்பெட்டிக் குச்சிக்குத்தான் அனுப்பியிருக்கிறோம். காயத்தாறு பக்கம் நிற்கிறதே காற்றாலைகள், அந்த மாதிரி இறக்கைகளுக்கு உள்ளேயும் பால்சாவை வைத்துத்தான் ஒட்டுகிறார்கள் என்று நம் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

ஒரே மரத்தில் அறுத்தாலும் எல்லாத் தகடும் ஒன்றில்லை. விலாவுக்கு வைத்த தகட்டில் மீன் செதில் மாதிரி புள்ளி புள்ளியாக மின்னுகிறதா பார். மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகிற கதிரோடு சேர்த்து அறுத்தால்தான் அது வரும். அந்தத் தகடு விறைப்பாக நிற்கும், வளைத்தால் உடையும். விலாவுக்கு அதுதான் சரி. இறக்கையின் முன்விளிம்பில் வளைத்துப் போர்த்துகிற தகட்டுக்கு அந்தப் புள்ளி இருக்கக் கூடாது. ரேகை பட்டை பட்டையாக ஓடுகிற தகடாகப் பார்த்து எடு, சொன்னபடி வளையும். நுனியில் வட்டமாக வருகிறதே, அங்கே மெல்லிய குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, அச்சைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைக்க வேண்டும். இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயசில் மில் பக்கமே வரமாட்டேன் என்று அழுதவன் நீ. மரத்தூள் பட்டால் இழுப்பு வந்துவிடும்.

அதைத்தான் கேட்க நினைத்தேன். மூடிய வீட்டுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாயே, மாஸ்க் போடுகிறாயா? பால்சாத் தூள் மாவு மாதிரி காற்றிலேயே மிதக்கும். அந்த உடனே பிடிக்கிற பசையின் ஆவியும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய். ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த படம் ஒன்று வந்திருக்கிறது. அந்த நேரத்தில் இழுப்பு வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். லித்தியம் பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதே. அது ஊதித் தீப்பிடிக்கும் சாமான்.

இரண்டு இறக்கையையும் எடை போட்டுப் பார். போனிலும் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. ஒரே பிளான், ஒரே கை என்றாலும் ஒரு பக்கத் தகடு கனமாக இருந்துவிடும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் பசை கூடிவிடும். மேலே போர்த்துகிற பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்டுவதற்கு முன்னாலேயே போட்டுப் பார். ஒட்டிவிட்டு அப்புறம் நுனியில் ஈயம் சொருகுவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

பசை விஷயத்தில் அவசரப்படாதே. எஞ்சின் மாட்டுகிற முன் பலகைக்கு எபாக்ஸிதான் போட வேண்டும், அது இறுக ஒரு ராத்திரி முழுக்க விடு. பெட்ரோல் எஞ்சின் உதறுகிற உதறலுக்கு மற்ற பசை நிற்காது. இரண்டாம் உலகப்போரில் மாஸ்கிட்டோ என்று ஒரு விமானம் இருந்ததல்லவா, அதன் உடம்பும் பால்சாதான். இரண்டு பக்கமும் பிர்ச் பிளைவுட், நடுவில் பால்சா. 1944இல் நம் நாட்டில் இருந்த அந்த விமானங்களில் மூட்டு விட்டுப்போய் விபத்தாகி, பறக்கவிடாமல் நிறுத்திவைத்தார்கள். வெயிலும் ஈரமும்தான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தபோது, பொருத்தும்போதே மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் சந்து விழுந்திருந்தது தெரிந்தது. அந்த இடைவெளியை வெறும் பசையை நம்பி விட்டிருக்கிறார்கள். பசை ஒட்டத்தான் செய்யும், இட்டு நிரப்பாது. மூட்டில் வெளிச்சம் தெரிந்தால் கூச்சப்படாமல் பிரித்து, மறுபடி இழைத்துச் சேர். கொஞ்ச நாள் பிரிந்து கிடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் மரத்தைச் சொல்கிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. மேலத்தெருப் பெரியப்பா வீட்டுச் சங்கதி உனக்குத் தெரிந்ததுதான், அப்படியே நடக்கிறது. அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அம்மா தினமும் விளக்குப் போடுகிறாள், யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டாள்.

அப்புறம், மில்லில் கணக்குப் பார்க்கிறவர் போன வாரம் கொல்லம் ரயிலில் போய்த் திரும்பினார். புனலூர் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரியையும் பாப்பாவையும் பார்த்தேன் என்கிறார். பாப்பாவுக்கு இப்போது பள்ளிக்கூடம் நடக்கிற சமயமாயிற்றே, அவராவது பார்க்கவாவது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வேறு யாராகவாவது இருக்கும். அம்மா மட்டும் அவள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தாள், அணைத்துவைத்திருப்பதாகச் சொன்னது.

எனக்கும் புனலூர் வரைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தூக்குப்பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1877இல் கட்டியது, தளம் முழுக்கக் கம்பகப் பலகை. கம்பகம் எப்படி நிற்கிறது என்று மில்காரன் நேரில் பார்க்காமல் இருக்கலாமா? ரயிலில் பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் நுழைந்து, பதிமூன்று கண்ணறைப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போனால் காலையில் போய்ச் சாயந்தரம் வந்துவிடலாம். போனால் சம்பந்தி வீட்டுக்குள் தலையைக் காட்டாமல் வருவது மரியாதை இல்லை. போகவா வேண்டாமா என்று நீ ஒரு வார்த்தை எழுது. வேண்டாம் என்றால் போகவில்லை.

நீ அனுப்பின படம் டீக்கடையில் எல்லோர் போனிலும் இருக்கிறது. அறுப்புக்கார அண்ணாச்சி, 'ஏளு எட்டுக் கிலோவாம்லா, இது நெசமாவே பறக்குமா?' என்று என்னிடம் கேட்டார். என் மகன் செய்தது பறக்காமல் என்ன செய்யும் என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னேனே தவிர உன்னிடம் சொல்கிறேன், இத்தனை பொறுமை இத்தனை வருஷமும் எங்கே இருந்தது? ஒரு விலாவை மூன்று தரம் இழைக்கிறாய். வீட்டில் ஒருத்தர் ஒரு பேச்சு கூடப் பேசிவிட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வது உன் வழக்கம். சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன். சரி, விடு.

நிஜ விமானத்தைப் பற்றி ஒன்று படித்தேன். பைப்பர் கப்பில் இரண்டு சீட், முன்னும் பின்னுமாக. ஒருத்தர் தனியாக ஓட்டினால் பின் சீட்டில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டுமாம், எடை சமமாக நிற்பதற்காக. உன் விமானத்துக்கு பைலட் பொம்மை ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாய். இரண்டாக வாங்கு. கூடுதல் கனத்துக்குத் தகுந்தபடி பேட்டரியைக் கொஞ்சம் நகர்த்தினால் போகிறது. இறக்கைக்கு அடியில் பிளானில் குறித்த இடத்தில் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பார், மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு துளி கீழே இருந்தாலும் பரவாயில்லை. வால் பக்கம் மட்டும் கனத்துவிடக் கூடாது, கையில் அடங்காது.

நுனியில் பின்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி ஒட்டச் சொல்லிப் பிளானில் போட்டிருப்பான், அதை மறந்துவிடாதே. வேகம் குறையும்போது இறக்கை உடம்போடு சேருகிற பக்கம் முதலில் பிடியை விடும், நுனி பிடித்துக்கொண்டிருக்கும், விமானம் ஒரு பக்கமாகக் கவிழாது. இரண்டு நுனியும் ஒரே அளவு தூக்கியிருக்க வேண்டும்.

அங்கே எங்கே பறக்கவிடப் போகிறாய்? ஏர்போர்ட்டும் எச்.ஏ.எல். விமான ஆலையும் இருக்கிற பெங்களூரில் மொட்டை மாடியிலிருந்து விடுகிற சமாச்சாரமா இது? 2021 ட்ரோன் விதிப்படி 25 கிலோவுக்குள், பொழுதுபோக்குக்கு, கண் பார்வையிலேயே ஓட்டினால் அது மாடல் கணக்குத்தான். ஆனாலும் இடம் வேண்டுமே. இங்கே கொண்டுவா. பங்குனியில் அறுப்பு முடிந்துவிடும், குளத்துக்கு மேற்கே கட்டாந்தரை எவ்வளவோ கிடக்கிறது. விடிகாலையில் ஒரு இலை ஆடாது. வைகாசி கடைசியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிட்டால் அப்புறம் ஆவணி வரைக்கும் பேச்சே இல்லை, தென்னையே படுத்து எழும். அதனால் உத்திரத்தை விட்டால் வேறு நாள் சரிப்படாது.

பங்குனி உத்திரத்துக்கு எப்படியும் சாஸ்தா கோயிலுக்கு வந்தாக வேண்டும். போன வருஷம் லீவு இல்லை என்றாய், விட்டுவிட்டேன். இந்த வருஷம் பாப்பாவுக்கு முடி இறக்குகிற நேர்ச்சை பாக்கி இருக்கிறது. அதற்குத் தாயும் தகப்பனும் சேர்ந்துதான் உட்கார வேண்டும். இதை நானாகச் சொல்லவில்லை, பூசாரியே சொல்லிவிட்டார்.

விமானத்துக்கு நான் பெட்டி செய்துவைக்கிறேன். இறக்கை நடுவில் கழன்று இரண்டாகும் என்றாயே, ஒரு பாகம் நாலரை அடியா, கூடவா? உடம்பு ஐந்தரை அடிக்குமேல் வரும் என்று நினைக்கிறேன். வால் உயரமும் சக்கரத்தோடு சேர்த்த உயரமும் எழுது. உள்ளே பஞ்சு மெத்தை வைத்துத் தைக்க அம்மா இப்போதே இலவம்பஞ்சு எடுத்துவைத்துவிட்டாள்.

டிக்கெட் இங்கே தெரிந்த பையனிடம் சொல்லி நானே போட்டுவிடுகிறேன், உத்திரச் சமயத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது. பெங்களூரிலிருந்து எத்தனை டிக்கெட் போட வேண்டும், புனலூரிலிருந்து ஏதாவது போட வேண்டுமா என்று எழுது. இந்த வாரத்துக்குள் எழுது.

இப்படிக்கு,
அப்பா

அம்மா எழுதச் சொன்னது: பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகிறது. வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு இருக்காதே.